நிங்ரோவும் அதன் போலியும்

கோடை விடுமுறையில் டார்ஜிலிங் சென்று வந்த அன்பர்கள், அங்குள்ள சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் 'நிங்ரோ' என்னும் சுருள் தளிரைக் கண்டிருப்பர். ஓடைக்கரைகளில் வளரும் ஒருவகைப் பெரணியின் தளிர் அது. பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் நம் கீரைப் பொரியலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஒரு வைகாசியில் நாம் அங்குத் தங்கியிருந்தபோது, நம் வீட்டுச் சிறுவர் மேட்டுச் சரிவிலிருந்து மடி நிறையத் தளிர் பறித்து வந்து அடுக்களையில் குவித்தனர். அது அடுப்பில் ஏறும் தறுவாயில், வீட்டுக்குடையவரான நேபாள மூதாட்டி எட்டிப் பார்த்தார்; ஒன்றும் பேசாமல் அவ்வளவையும் அள்ளி வெளியே கொட்டினார். நமக்குச் சற்றே மனத்தாங்கல்தான். மறுநாள் அவரே அச்சரிவுக்கு அழைத்துச் சென்று காட்டிய பின்னரே தெளிவு பிறந்தது.

சிறுவர் பறித்தது பிராக்கன் என்னும் பெரணி. நிங்ரோ ஈரத்தை நாடுவது. ஒரே அடியிலிருந்து கொத்தாக எழுவது. பிராக்கனோ வெயில் படும் திறந்த சரிவில் தனித்தனி இலையாக நிற்கும். மண்ணைக் கிளறினால், நீண்டு கிடையாக ஓடும் கருநிறத் தண்டு ஒன்று அவ்விலைகளையெல்லாம் இணைப்பதைக் காணலாம். அத்தண்டில் மெல்லிய மயிர் உண்டு, செதில் இராது. நிங்ரோவின் அடியிலோ கருஞ்செதில்கள் உண்டு. முற்றிய பிராக்கன் இலை முக்கோண வடிவினது. மும்முறை பிரிந்து, தோல்போல் விறைப்பாயிருக்கும்.

ஐயமற்ற அடையாளம் இலையின் அடிப்புறத்தில் உள்ளது. பிராக்கனின் வித்துத்தூள், உள்மடிந்த இலை விளிம்பின் கீழ், புடைவையின் கரைபோல் ஓரம் முழுதும் ஓடும். நிங்ரோவில் அது நரம்புகளை ஒட்டிச் சிறு சிறு கோடுகளாக இருக்கும். விரியத் தொடங்கிய பிராக்கன் தளிர் மூன்று சுருளாகப் பருந்தின் நகம்போல் வளைந்திருக்கும். ஆயினும் மிக இளந்தளிரில் இது புலப்படாது. அருகில் முற்றிய இலையைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

பிராக்கனில் உள்ள டாக்குயிலோசைடு என்னும் நஞ்சு 1983-இல் பிரித்தெடுக்கப்பட்டது. இதனை நெடுநாள் மேயும் மாடுகள் இரத்தமாகச் சிறுநீர் கழிக்கும். சிறுநீர்ப்பையில் புற்றும் தோன்றும். பாலிலும் அந்நஞ்சு இறங்குகிறது. மனிதருக்கும் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987-இல் இதனைச் சேர்த்தது. ஜப்பானியர் சாம்பல் நீரிட்டுப் பக்குவம் செய்து உண்கின்றனர். அதனால் நஞ்சு பெரிதும் குறையுமேயன்றி முற்றும் நீங்குமென்று சொல்வதற்கில்லை.

உதகை, கொடைக்கானல் சரிவுகளிலும் இச்செடி உண்டு. ஊருக்குச் சென்றபோது அங்கும் நம் சிறுவர் பெரணியைக் கண்ட இடமெல்லாம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனர், பேருந்தைத் தவறவிட்டோம்.