கீபோர்டு செத்தாலும் சுவிட்சு சாகாது!

பில் போடும் கவுண்டரில் "டக், டக்" என்று சத்தம் போடும் கனமான கீபோர்டைப் பார்த்திருப்பீர்கள். டி.டி.பி. சென்டர், பேங்க், சர்க்கார் ஆபீஸ் என்று பல இடங்களில் அந்தச் சத்தம் கேட்கும். பெயர் டி.வி.எஸ். கோல்டு.

ஒரு நாள் அதன்மேல் டீ கொட்டும். அல்லது வயர் அறுந்துபோகும். "இனி தேறாது" என்று காயலான் கடையில் போட்டுவிடுவார்கள். எடைக்குச் சில்லறைக் காசு!

ஆனால் செத்தது கீபோர்டுதான். உள்ளே இருக்கும் சுவிட்சுகளுக்கு உயிர் இருக்கிறது!

27 வருஷம் ஓடும்

இந்த மாடலின் பழைய கீபோர்டுகளில் ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனிச் சுவிட்சு. 'செர்ரி எம்.எக்ஸ். புளூ' என்று பெயர். ஜெர்மன் சரக்கு. உள்ளே தொடும் முனையில் தங்கக் கலப்பு. லேசில் துருப்பிடிக்காது.

5 கோடி தட்டு தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. ஒரே எழுத்தைத் தினமும் 5 ஆயிரம் தடவை தட்டினாலும் 27 வருஷம் ஓடும்!

வயிற்றைக் கிழித்து...

தங்களுக்குப் பிடித்த மாதிரி கீபோர்டைத் தாங்களே கட்டிக்கொள்ளும் ஆசை இப்போது வாலிபர்களைப் பிடித்திருக்கிறது. போர்டு, பெட்டி, சுவிட்சு எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பார்கள். அவர்களில் சிலர் சுவிட்சுக்குக் காசு கொடுப்பதில்லை. பழைய கீபோர்டின் வயிற்றைக் கிழித்து எடுத்துவிடுகிறார்கள்!

ஒரு கீபோர்டில் 104 சுவிட்சு. சின்ன கீபோர்டு கட்ட 61 போதும். மீதி 43 ஸ்பேர்!

எடுப்பது எப்படி? சுவிட்சுக்கு இரண்டு கால். ஈயப்பற்று வைத்திருக்கும். சால்டரிங் அயர்னால் உருக்கி, பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். மொத்தம் 208 இடம்! அதிக நேரம் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகிவிடும். கதை முடிந்தது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காபி டம்ளரைத் தொடக்கூடாது.

5 தட்டினால் 55!

எடுத்ததெல்லாம் நல்லதல்ல. டீ இறங்கிய சுவிட்சு ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்துப் போடும். 5 தட்டினால் 55 விழும்! பில்லில் இப்படி விழுந்தால் வாடிக்கைக்காரர் சும்மா விடுவாரா?

ஆகவே மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அழுத்தினால் 'பீப்' வர வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். விட்டுவிட்டு வந்தால் ஒதுக்கிவிட வேண்டும்.

கடைக்காரர்களே!

'என்டர்' கீ ஒன்று மக்கர் செய்கிறது என்று முழுக் கீபோர்டையும் எறியாதீர்கள். அதே கீபோர்டின் மேல்வரிசையில் 'ஸ்குரோல் லாக்' என்று ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதைத் தொடுவதே இல்லை. அதற்கும் அதே சுவிட்சுதான்!

ரிப்பேர்காரரிடம் சொல்லி இரண்டையும் இடம் மாற்றுங்கள். புதுக் கீபோர்டு வாங்கும் காசு கல்லாவிலேயே இருக்கும்!