செஞ்சிக் கோட்டையைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஔரங்கசீப்பின் படை எட்டு ஆண்டு போராடிப் பிடித்த கோட்டை, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ் ஏறினால் சுமார் 28 கிலோமீட்டரில் இருக்கிறது, தெரியுமா?

1677-ல் சத்ரபதி சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். மொகலாயர் துரத்த, அவர் மகன் ராஜாராம் 1689-ல் தப்பி வந்து புகுந்தது இங்கேதான். மராட்டிய அரசின் தலைநகரமே சில ஆண்டுகள் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்திருக்கிறது! 1690-ல் முற்றுகையிட்ட மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைப் பிடித்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். இதைவிட வியப்பு: அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் பிடித்தார்!

செஞ்சி ஊரிலிருந்து மேற்கே நடந்தே போகலாம். நெல்வயலும் மல்லாட்டைக் கொல்லையும் இருக்கும் சமவெளியில், யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் உருண்டைப் பாறைகள் குவிந்த மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்றையும் ஒரே மதில் வளைத்துப் பிடித்திருக்கிறது. அந்த மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர்!

ராஜகிரி அடிவாரத்திலேயே அரைநாள் போய்விடும். கல்யாண மஹால், குதிரை லாயம், ஆனைக்குளம், மலைபோன்ற நெற்களஞ்சியம். கல்யாண மஹாலின் மேல்மாடிக்கே மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள், நம்ப முடிகிறதா? பிறகு படி ஏற வேண்டும். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து பெரும் பள்ளமாகக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் அப்புறம் எதிரிக்கு வழியே கிடையாது. கடந்து போனால் ரங்கநாதர் கோயில். சுமார் 800 அடி உயரத்திலிருந்து ஏரியும் வயலுமாக விரியும் காட்சிக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்பேன்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவைத் தெரியாதவர் உண்டா? ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-ல் போர்க்களத்தில் விழுந்தபோது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. நண்பன் மகபத்கானும் உடன் மடிந்தான். ஒரு ராஜபுத்திர இளைஞனின் கதையைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்ததை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அழகான கல்தூண்களின் சொந்த ஊர் எது? செஞ்சிதான்! பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை.

கோட்டைக்குப் பக்கத்திலேயே திருநாதர் குன்று. ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமணத் துறவியைப் பற்றிய பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. கோட்டை கட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் வெட்டியது!

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி.

வெயிலுக்கு முன்னால் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கையில் தின்பண்டம் இருந்தால் குரங்குகளிடம் ஜாக்கிரதை. சுவரில் யாராவது பெயர் கிறுக்கினால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.