கையை எடுத்தும் நிற்காத வாள்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த நாட்கள். கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு அக்கா கோழிக்கூட்டுக்குப் பலகை அரிந்துகொண்டிருந்தார். பாதிப் பலகையில் கரண்ட் நின்றுவிட்டது. மின்வாளை நிலத்தில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டார். பிளக்கைக் கழற்றவில்லை. கரண்ட் எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்?

பின்னேரம் கரண்ட் வந்தது. ஆளில்லாத கொட்டிலுக்குள் வாள் தானாகவே சுழலத் தொடங்கியது. வாசலில் பக்கத்து வீட்டுச் சின்னவன் கோழிக்குஞ்சு பார்த்துக்கொண்டு நின்றான். அலகை மூடும் கீழ்மூடி சரியாக இருந்தபடியால் வாள் சரிந்து விழுந்து, மண்ணைக் கிளறிக்கொண்டு துள்ளியதோடு போயிற்று. அக்கா ஓடிவந்து சுவரில் இருந்த பிளக்கை இழுத்தெடுத்தார். “அண்டைக்கு இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை, தங்கச்சி” என்கிறார்.

அவர் விசையிலிருந்து விரலை எடுத்துத்தான் வாளைக் கீழே வைத்தார். ஆனால் விசை திரும்பி வரவில்லை. சில கிழமைகளாகவே அது அப்படித்தான். ஒரு தட்டுத் தட்டினால் விடுபடும். நம்மில் பலர் தையல் மெசினையும் கிரைண்டரையும் இப்படித் தட்டித் தட்டித்தானே ஓட்டுகிறோம்.

புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்டேன். “இவர் 2003 இல வாங்கினது. பாதை திறந்திருந்த காலம். அப்ப ஜெனறேற்றரிலதான் ஓடும்” என்றார். 2006 இல் திருத்துவதற்கென்று வவுனியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. வாள் வவுனியாவில் மச்சாள் வீட்டிலேயே கிடந்தது. 2010 இல் மீளக்குடியேறியபோது மச்சாள் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். “அவர் வரயில்லை. வாள் வந்தது.” அதன் பிறகு அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வாளால்தான் கதவு நிலை, கோழிக்கூடு, பனஞ்சிலாகை அரிதல் என்று இன்று வரை அடுப்பு எரிகிறது.

பட்டணத்தில் திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுபோனார். பழைய மொடல், சுவிச் கிடைக்காது என்று சொன்ன அவர், இரண்டு வயரையும் நேரே முடிந்து தருகிறேன், சுவரிலுள்ள சுவிச்சால் போட்டு நிறுத்துங்கள் என்றாராம். இதை மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். வட்டவாளின் அலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்றுச் சுற்றுகிறது. பலகை இறுகி அலகைப் பிடித்தால் வாள் நம்மை நோக்கி எகிறும். அந்த நொடியில் விரலை எடுத்தால் மின்சாரம் நிற்க வேண்டும். சுவர்வரை எட்ட நேரமிராது. விசையைக் கயிற்றால் கட்டுவதும் ரேப் ஒட்டுவதும் இதே வேலைதான். அக்கா வாளைத் திருத்தாமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய மகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னிணைப்பு படிக்கிறாள். தாயும் மகளுமாகத்தான் அதைக் கழற்றினார்கள். கழற்றிய பழைய சுவிச்சை எனக்கும் காட்டினார்கள்.

பாடசாலையில் நாம் ஆளி என்று படித்ததுதான் இது. உள்ளே சிறு உலோகப் பொட்டுகள். விசையை அழுத்தினால் அவை சேரும், விட்டால் சுருள்வில் பிரித்துவிடும். அந்த வாள் 1,050 வாற். 230 வோல்ற்றில் ஏறத்தாழ 4.6 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு முறை விடும்போதும் பொட்டுகளுக்கிடையே சிறு தீப்பொறி எழும். ஆண்டுக்கணக்கில் பொட்டு கருகிக் குழி விழுகிறது. மரத்தூளும் போய் அடைகிறது. பனை அரிபவர்களுக்கு இது இன்னும் விரைவில் வரும். நார் மரம், மோட்டாருக்குச் சுமை அதிகம்.

பழுதான சுவிச் இரண்டு விதமாக நடக்கும். இறுக்கி அழுத்தினால் மட்டும் ஓடும், விட்டு விட்டு ஓடும். இது முதல் விதம். வேலை கெடும், ஆள் பிழைக்கும். மற்றது, விட்டும் நிற்காதது. பொட்டுகள் உருகி ஒட்டியிருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம், விசை தூளில் இறுகியிருக்கலாம். எதுவானாலும் அந்த வாளால் இன்னொரு பலகை அரியக் கூடாது.

விட்டு விட்டு ஓடினால் சுவிச்தான் பழுது என்று உடனே முடிவு செய்யவும் வேண்டாம். பிளக்கை நன்றாகக் கழற்றி, தற்செயலாக யாரும் போடாதபடி கண்முன்னே வைத்துக்கொண்டு, கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தைப் பாருங்கள். தினமும் மடிந்து மடிந்து அங்கேதான் உள்ளே செம்பு அறும். அடுத்தது மோட்டாரிலுள்ள கார்பன் பிரஷ். இவை இரண்டும் சரியென்றால் சுவிச்.

மகள் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மல்ரிமீற்றர் இல்லை. ஒரு ரோச் பல்ப், இரண்டு பற்றரி, இரண்டு துண்டு வயர். சுவிச்சிலிருந்து வாளின் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஒரு முனையில் ஒன்றையும் அதன் சோடி முனையில் மற்றதையும் தொடுகிறாள். அழுத்தினால் பல்ப் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். அவர்களுடைய சுவிச்சில் விட்ட பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. இந்தச் சோதனை கழற்றிய சுவிச்சுக்கு மட்டுமே. பிளக் போட்ட வாளுக்குள் எந்த வயரையும் கொண்டுபோகக் கூடாது.

வயர்களைக் கழற்றுவதற்கு முன்னரே எந்த முனையில் எந்த நிறம் என்று கைத்தொலைபேசியில் படம் எடுத்திருந்தார்கள். புதிய வயர்களில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல். பழையவற்றில் சிவப்பும் கறுப்பும். சில வாள்களில் சிறு பெட்டி போன்ற கொள்ளளவி ஒன்றும் சுவிச்சோடு சேர்ந்திருக்கும். அதை விட்டுவிடாமல் இருந்த இடத்திலேயே திரும்பப் பூட்ட வேண்டும். பெட்டிக்குள் பெட்டி போன்ற குறி வாளில் இருந்தால் அதற்குப் புவிக்கம்பி கிடையாது. வயர் இரண்டுதானே என்று பயப்பட வேண்டாம்.

பொட்டை அரத்தால் தேய்த்து, பழைய சுவிச்சையே போட்டுவிடலாமே என்று அக்கா கேட்டாராம். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னதுதான் சரி. பொட்டின் மேற்பூச்சு போய்விட்டால் மறுபடி விரைவில் கருகும். தளர்ந்த வில்லை யார் இறுக்குவது? புதிய சுவிச் புதிய வாளின் விலையில் மிகச் சிறிய பங்குதான். சுவிச்சின் பக்கவாட்டில் அம்பியரும் வோல்ற்றும் பொறித்திருக்கும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதே அளவு, அதே முனை அமைப்பு, அம்பியர் குறையாதது என்று பார்த்து வாங்க வேண்டும். மின்விளக்குச் சுவிச் மோட்டாருக்கு ஆகாது. இவர்கள் மூன்று கடை ஏறி இறங்கினார்கள். கிடைக்காது என்று சொல்லப்பட்ட சுவிச் மூன்றாவது கடையில் கிடைத்தது.

பூட்டும்போது ஒரு தவறு நடந்தது. கைப்பிடியை மூடி ஸ்குறூவை முறுக்கியபோது ஒரு வயர் இடையில் நசிந்துவிட்டது. கைப்பிடி சரியாகப் பொருந்தாததைக் கண்டு திரும்பத் திறந்திருக்கிறார்கள். நல்லவேளை. மூடிய பிறகு, பிளக் போடாமல் விசையைப் பல முறை அழுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் “டக்” என்று திரும்பி வந்தது. பிறகு அலகைக் கழற்றி வைத்துவிட்டு, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். அதற்குப் பின்னரே வாளை இறுக்கிப் பிடித்து மின்சாரம் கொடுத்தார்கள்.

நான் போன அன்று அக்கா பனஞ்சிலாகை அரிந்துகொண்டிருந்தார். சாப்பிட எழும்பியபோது பிளக்கைக் கழற்றி வளையில் அடித்திருந்த ஆணியில் கொழுவினார். இனிக் கார்பன் பிரஷ் மாற்ற வேண்டுமாம். தேய்ந்துகொண்டு வருகிறது, மோட்டாருக்குள் பொறி கூடுதலாகத் தெரிகிறது என்கிறாள் மகள். அடுத்த கூட்டுக்கு முற்பணம் வந்ததும் வாங்குவார்கள்.