படத்தில் ஒரு மேசை, வந்து இறங்குவது ஒரு மேசை

அமெரிக்காவின் ரசீன் நகரில் ஜான்சன் வேக்ஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் 1939-இல் திறக்கப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்த பிராங்க் லாயிட் ரைட், உள்ளே போடும் மேசை நாற்காலிகளையும் தானே வரைந்தார். அலுவலர்களுக்கு அவர் வரைந்த நாற்காலிக்கு மூன்று கால்கள்தான். நிமிர்ந்து உட்கார்ந்தால் நிற்கும். கீழே விழுந்த பென்சிலை எடுக்கச் சாய்ந்தால் ஆளோடு கவிழும். அவரே ஒருமுறை அதிலிருந்து விழுந்தார் என்றொரு கதையும் உண்டு. பிற்பாடு அவற்றுக்கு நான்காவது கால் வந்தது.

பேர்பெற்ற மேதைக்கே அந்தக் கதி என்றால், நம் ஊரில் புதிதாக அலுவலகம் போடுகிறவர் போனில் வந்த முப்பரிமாணப் படத்தைப் பார்த்து "சூப்பர், ஆரம்பிச்சுடுங்க" என்று சொல்வதில் இருக்கும் ஆபத்தைக் கேட்கவே வேண்டாம். ஒரு மாதம் கழித்து, "படத்துல இருந்த மாதிரி இல்லையே" என்பார். "படத்துல மைக்கா நம்பர் போட்டிருந்துச்சா சார்?" என்று தச்சரிடமிருந்து பதில் வரும். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு.

படம் சொல்லாதவை ஏராளம். உள்ளே இருப்பது பிளைவுட்டா, பார்ட்டிகிள் போர்டா? பார்ட்டிகிள் போர்டு மலிவு. ஆனால் ஈரம் பட்டால் உப்பும், ஒருமுறை கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிப்பு தளரும். அடிக்கடி இடம் மாறும் அலுவலகத்துக்கு அது சரிப்படாது. சாதாரண மேசைக்கு ஐஎஸ் 303 தரப் பிளைவுட் போதும். கை கழுவும் தொட்டியின் கீழ் வரும் அலமாரிக்குத்தான் ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 தரம் தேவை. எல்லாவற்றுக்கும் அதையே போடச் சொல்வது வீண் செலவு.

அளவு விஷயம் இன்னும் சுவாரசியமானது. பிளைவுட் தாள் எட்டுக்கு நான்கு அடி. நான்குக்கு இரண்டு அடி மேசை என்றால் ஒரு தாளில் நான்கு மேற்பலகை கிடைக்கும், ரம்பம் தின்னும் சில மில்லிமீட்டர் போக. "கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று நாலரைக்கு இரண்டே கால் என்று கேட்டால்? ஒரு தாளில் ஒன்றே ஒன்றுதான் தேறும்! மிச்சத் துண்டுகளைக் கால், தட்டு என்று தச்சர் எங்காவது பயன்படுத்துவார்தான். ஆனாலும் ரேட் ஏன் எகிறுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

பலகைமேல் ஒட்டும் மைக்காவின் நிறத்தில்தான் மனஸ்தாபம் அதிகம். கடையில் உள்ளங்கை அகலத் துண்டில் அழகாகத் தெரிந்த மரவரி, இருபது மேசையில் பரவும்போது கண்ணை உறுத்தலாம். பளபளப்பு மைக்காவில் மேலே எரியும் டியூப்லைட் அப்படியே பிரதிபலிக்கும்; கைரேகையும் தெரியும். முழுத் தாளை அலுவலக வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டு, அதிலிருந்து வெட்டிய ஒரு துண்டின் பின்புறம் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

அதைவிடப் புத்திசாலித்தனம், முதலில் ஒரே ஒரு மேசை செய்யச் சொல்வது. முதலாளி அல்ல, அங்கே தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்க்கப்போகிறவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டிராயர் பெட்டி சுவரின் பிளக் பாயின்ட்டை மறைக்கிறது, வயர் விடும் ஓட்டை மானிட்டருக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது, முட்டி இடிக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத்தான் படும். பலகை அறுத்த பிறகு மாற்றம் கேட்டால் கூடுதல் பணம் யார் தலையில் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதிவிடலாம். பொருத்தி முடித்துச் சரிபார்க்கும்வரை கடைசித் தவணையை நிறுத்திவைப்பதில் தப்பில்லை.

கூட்ட அறை மேசை பத்தடி என்றால் லிஃப்டையும் மாடிப்படித் திருப்பத்தையும் ஆர்டருக்கு முன்பே அளக்க வேண்டும். நுழையாது என்றால் மேற்பலகை இரண்டு துண்டாக வரும். நடுவில் கோடு தெரியும். அந்தக் கோடு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதையும் வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்துவிடலாம்.