நரம்பின் மருந்தும் குடலின் குடிகளும்

மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளுக்குக் கொழுப்பாலான உறையுண்டு. உடலைக் காக்கவேண்டிய காவற்கலங்களே அவ்வுறையைப் பகையெனக் கருதித் தாக்குமாயின் கால் தளரும், கண் மங்கும், நாத் தடுமாறும். சிதைந்த இடங்கள் தழும்பேறி வன்மையுறுதலைக் கண்டு 1868 இல் பாரிஸ் வைத்தியர் சார்க்கோ இந்நோயை விரித்துரைத்தார். 'மல்ரிப்பிள் ஸ்கிளீரோசிஸ்' என்னும் பெயரின் ஈற்றுச்சொல் வன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிற் பிறந்தது.

நரம்பு நோய்க்கும் குடலுக்கும் என்ன தொடர்பு? நம் குடலிற் கோடி கோடியாகப் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் செரிக்கமாட்டாத நாரை உண்டு சிற்றமிலங்களாக்கித் தருவன அவை. காவற்கலங்களுக்கு அடக்கம் பயிற்றுவனவும் அவையே. (எம்மினும் நல்லாசிரியர் போலும்!) 2017 இல் மியூனிச் நகர ஆய்வாளர், ஒருவர் மட்டும் நோயுற்ற 34 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். நோயுற்றவரின் குடற் பற்றீரியாவை ஏற்ற எலிகளுக்கு, மற்றவருடையதை ஏற்றவற்றினும் மிகுதியாக அந்நோய் ஒப்பது வந்தது.

நம் நாட்டில் அருகிய நோயாயினும், அன்புவழிபுரத்தில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்திக்கு அது வந்துற்றது. அவள் உண்பது டைமெதில் பியூமரேற் என்னும் குளிசை. "ஐயா, இது வயிற்றைக் கெடுக்குது. குடல்ல இருக்கிற நல்ல கிருமியையும் கொல்லுமாமே, விட்டிடட்டோ?" என்றாள். விடலாகாது என்றேன். வயிற்றுளைவும் வயிற்றோட்டமும் முதல் மாதத்திற் பலருக்குத் தோன்றிப் பின்னர்த் தணிவன; உணவோடு உண்டாற் குறைவதுமுண்டு. தானாக நிறுத்தினாலோ நோய் மீண்டும் தாக்கக்கூடும். முடிவு வைத்தியருடையது.

எனினும் அவள் ஐயம் வீணன்று. குடலிற் காணும் மாற்றம் நோயால் வந்ததோ மருந்தால் வந்ததோ என ஆய்வாளரே மயங்குகின்றனர். 2016 இல் பொஸ்ரனில் வெளிப்பட்ட ஆய்வில், மருந்து பெற்றோர் குடலிற் பிரெவோற்றெல்லா என்னும் பற்றீரியா மருந்து பெறாத நோயாளரினும் மிக்கிருந்தது. நாருணவு உண்பாரிடம் மிகுவதும் அதுவே. ஆகவே மருந்து தரும் மாற்றமெல்லாம் கேடென்று கொள்ளற்கில்லை. 2022 இல் வந்த பேராய்வு 576 நோயாளரையும் அவரோடு ஒரே வீட்டில் வாழும் நோயற்ற 576 பேரையும் ஒப்புநோக்கியது. அடுக்களை ஒன்றாதலின் உணவு வேற்றுமை பெரிதும் நீங்கிற்று. இவ்வுபாயத்தை நான் மிக மெச்சுகின்றேன். நோயாளரிடம் அக்கர்மான்சியா என்னும் இனம் மிக்கிருந்தது. நீரிழிவை ஆராய்வாரோ அதனை நண்பனென்பர்! மருந்து பெறுவார்க்கும் பெறாதார்க்கும் இடையேயும் வேற்றுமை காணப்பட்டது.

அவ்வீடுகள் அமெரிக்கா, பிரித்தானியா, ஸ்பெயின், ஆர்ஜென்ரீனா நாடுகளில் உள்ளவை. குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் உண்ணும் குடலில் இம்மருந்துகள் என்ன செய்யும் என்பதை அவ்வடுக்களைகள் சொல்லமாட்டா.