முதல் எலும்பு முறிவு யாருடைய பொறுப்பு?

வயதானவர்களுக்கு வரும் எலும்பு முறிவுகள் பற்றிக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களைப் புரிந்துகொள்ளத்தான் ஆரம்பித்தேன். வந்து நின்ற இடம் வேறு. ஸ்கேன் இருக்கிறது, மருந்து இருக்கிறது, யாருக்கு அடுத்து முறியும் என்று ஓரளவு கணிக்கவும் முடிகிறது. ஆனாலும் சிகிச்சை பெரும்பாலானவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'எலும்பு தேய்மானம்' என்று நம் ஊரில் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து வலிப்பது ஒன்று. எலும்பின் அடர்த்தி குறைந்து உள்ளே சல்லடை மாதிரி ஆகிவிடுவது இன்னொன்று. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி: ஆஸ்டியோபொரோசிஸ், தமிழில் எலும்புப்புரை. முதலாவது வலித்துக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, எலும்பு முறிகிறவரை சத்தமே போடாது.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

உலக சுகாதார நிறுவனம் 1994-இல் ஒரு கோடு போட்டது. ஸ்கேனில் அளந்த எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். அதிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 55 வயது தாண்டியவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2004-இல் வந்த முடிவு இது: முதுகெலும்பு தவிர்த்த முறிவுகளில், பெண்களில் 44 சதவீதமும் ஆண்களில் 21 சதவீதமும் மட்டுமே அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வந்தவை. மீதி எல்லாம் கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்கு.

சரி, அப்போ ஸ்கேன் வேஸ்டா? இல்லை. அடர்த்தி குறையக் குறைய முறியும் வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஆனால் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் கொஞ்சம் பேர், மேலே இருப்பவர்கள் ரொம்பப் பேர். ரொம்பப் பேரில் சின்ன சதவீதம் முறித்துக்கொண்டாலும் மொத்த எண்ணிக்கையில் அதுவே பெரிதாகிவிடும். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் இதய நோயை வைத்துச் சொன்ன அதே கணக்கு.

ஆகவே ஸ்கேன் எண் மட்டும் போதாது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழு 2008-இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான் வயது, எடை, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, ஸ்டீராய்டு என்று பலவற்றைக் கேட்கிறது. அதில் உள்ள ஒரு கேள்விதான் நமக்கு முக்கியம்: இதற்கு முன் எலும்பு முறிந்திருக்கிறதா?

முறிந்த எலும்பே ரிப்போர்ட்

ஒருமுறை முறிந்தவருக்கு இன்னொரு முறிவு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. அதுவும் முதல் இரண்டு வருடத்தில்தான் ஆபத்து அதிகம். இடுப்பு முறிந்து வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கு முன்பே மணிக்கட்டிலோ, தோளிலோ, வேறெங்கோ முறிந்திருக்கிறது. இடுப்பு முறிவு சாதாரண விஷயமில்லை. பல நாட்டு ஆய்வுகளில் ஒரு வருடத்துக்குள் 20 முதல் 30 சதவீதம் பேர் இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை.

என் பெரியம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு, ஆறு வாரம், கால்சியம் மாத்திரை. கை நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் கொடுத்த காகிதங்களில், அந்த எலும்பு ஏன் அவ்வளவு லேசாக முறிந்தது என்ற கேள்வி எங்கும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. அமெரிக்காவில் இடுப்பு முறிந்தவர்களில் அடுத்த ஒரு வருடத்துக்குள் எலும்புப்புரை மருந்து பெற்றவர்கள் 2002-இல் 40 சதவீதம். 2011-இல் அது 21 சதவீதமாக இறங்கிவிட்டது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. அலர்ட் வருகிறது, மூன்று டீமுக்கும் போகிறது, மூன்று டீமும் மற்ற டீம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறது. எலும்பு டாக்டரின் வேலை முறிவைச் சேர்ப்பது. குடும்ப டாக்டருக்கு முறிந்த விஷயமே தெரிந்திருக்காது. ஹார்மோன் டாக்டரிடம் யாரும் அனுப்புவதில்லை. யார் மீதும் குற்றமில்லை, யாருக்கும் பொறுப்பும் இல்லை.

கிளாஸ்கோ செய்தது

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1999-இல் இதற்கு ஒரு எளிய ஏற்பாடு செய்தார்கள். முறிவோடு வரும் 50 வயது தாண்டியவர்களைத் தேடிப் பிடிப்பதே ஒரு சிறப்பு நர்ஸின் வேலை. ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்து, சிகிச்சை தேவையா என்று பார்த்து, குடும்ப டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான். புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. அலர்ட்டுக்கு ஓர் ஆள் கிடைத்தார்.

2011-இல் வந்த செலவுக் கணக்கின்படி, வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால் 1,000 நோயாளிகளுக்கு 18 முறிவுகள் தவிர்க்கப்படும், அதில் 11 இடுப்பு முறிவுகள். செலவு போக 21,000 பவுண்ட் மிச்சம். இந்த ஏற்பாட்டைப் பரப்பத்தான் சர்வதேச ஆஸ்டியோபொரோசிஸ் அமைப்பு 2012-இல் ஓர் உலகளாவிய இயக்கம் தொடங்கியது.

மருந்து பயம்

பிஸ்பாஸ்பொனேட் வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தால் தொடை எலும்பில் அபூர்வமான ஒரு முறிவு வரலாம். அமெரிக்க மருந்துத் துறை 2010-இல் எச்சரித்தது. பயம் நியாயமானது. ஆனால் அளவைப் பாருங்கள். தெற்கு கலிஃபோர்னியா தரவை வைத்து 2020-இல் வந்த ஆய்வின்படி, 10,000 வெள்ளையினப் பெண்கள் மூன்று வருடம் மருந்து எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படுகின்றன, 2 அபூர்வ முறிவுகள் வருகின்றன. ஆசிய வம்சாவளிப் பெண்களில் அது 91-க்கு 8. நம் பக்கம் லாபம் குறைவு, ஆபத்து கூடுதல். ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு. எத்தனை வருடம் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத்தான் டாக்டரிடம் பேச வேண்டும்.

கிளாஸ்கோ நர்ஸ் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. அதுவரை அந்த வேலை வீட்டில் ஒருவருடையது. 50 வயது தாண்டியவர், நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், மாவுக்கட்டு பிரிக்கும் நாளில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்த எலும்பு ஏன் முறிந்தது? டெக்ஸாவும் விட்டமின் டி, தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகளும் வேண்டுமா? விழுந்ததற்குக் காரணம் கண்ணா, பிரஷர் மாத்திரையா, ஈரத் தரையா? இதை இனி எந்த டாக்டர் தொடர்ந்து பார்ப்பார்?

முறியாவிட்டாலும், அம்மாவோ அப்பாவோ உயரம் குறைந்து கூன் விழுவது போலத் தெரிந்தால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் ஒன்றுதான் டாக்டர் கவனத்துக்கே வருகிறது.