மேலகரத்து மானியம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், அருவியை நினைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்காமல் கடந்துபோகிற ஊர் மேலகரம். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அந்த நூலுக்காக மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு நிலம் எழுதிக் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். நாயக்கரின் ஆட்சிக்காலம் 1706 முதல் 1732 வரை. ஒரு நூலுக்கு ஒரு வயற்காடு. மழை பொய்க்காத ஆண்டுகளில் கவிராயரும் அவர் பிள்ளைகளும் அதை வைத்தே சாப்பிட்டிருக்கலாம்.

இன்று இதே பக்கத்தில் கலைக்கு வரும் அரசுப் பணம் ரூபாயாக, வங்கிக் கணக்கில் வருகிறது. இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க ஒரு கிராமியக் கலைஞருக்கு 10,000 ரூபாய். நலிந்த நிலையில் இருக்கும் மூத்தவருக்கு மாதம் 3,000. மாவட்டக் கலை மன்ற விருதுகளில் 18 வயதுக்கு உட்பட்ட கலை இளமணிக்கு 4,000, முதியவரான கலை முதுமணிக்கு 20,000. நிலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லாம் சில்லறைதான். ஆனால் நாயக்கர் கொடுத்தது ஒருவருக்கு. அதே காலத்தில் சுடலைமாடன் கோயில் முன்னால் விடிய விடிய மகுடம் என்ற தோல்கருவியை அடித்த கணியான் கூத்துக்காரருக்கு அரண்மனை வாசல்வரை போகவே வழி இருந்திருக்காது. இன்று அவர் வழிவந்தவரும் கலைஞர் என்று அட்டை வைத்திருக்கிறார்.

கொடுப்பவரும் மாறிவிட்டார். 19-ஆம் நூற்றாண்டில் ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தார். காவடிச் சிந்து அந்த ஆதரவில் பிறந்தது. பாட்டைக் கேட்டவரே பணத்தையும் கொடுத்தார். எந்த அடி தொய்கிறது என்று அவருக்குத் தெரியும், அவருக்குப் பிடிக்காவிட்டால் புலவன் பட்டினி என்பதும் உண்மை. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்தி, குற்றாலத்தில் ரசிகர்களுக்கு விருந்தும் கவிதையும் பரிமாறிய ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அரசு ஒரு சங்கீத நாடக சங்கத்தைத் தொடங்கியது. இன்றைய இயல் இசை நாடக மன்றம் அதுதான். கேட்டு ரசித்தவரின் இடத்துக்கு, சான்றிதழைச் சரிபார்க்கும் எழுத்தர் வந்தார். அவரிடம் பாரபட்சம் குறைவு என்றே சொல்வேன். பாட்டு எப்படி என்று அவர் கேட்க வேண்டியதில்லை.

உண்மையில் வில்லுப்பாட்டுக்கும் மகுடத்துக்கும் நெடுங்காலம் சோறு போட்டது அரண்மனையல்ல, தலைக்கட்டு வரி. கொடை என்னும் கோயில் விழாவுக்கு நாள் குறித்ததும் வரி நோட்டு வீடு வீடாகப் போகும். வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் குழுவைப் பேசி முடிப்பார்கள். மகுடம் இரண்டு, ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். தோல் தளர்ந்தால் தீயில் காட்டி முறுக்கேற்றி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவார்கள். இந்த வேலை நடக்கும்போதே வரி கொடுத்த வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கொடுத்த காசுக்குக் கதை முழுசாக வரவேண்டும், ஒரு கட்டம் விட்டுப்போனாலும் கிழவி ஒருத்தி சத்தம் போடுவாள். இப்போதும் வரி எடுக்கிறார்கள், முன்னைவிடக் கூடவே எடுக்கிறார்கள். அதில் பெரும்பங்கு மின்விளக்குக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் போய்விடுகிறது. அரசின் 10,000 ரூபாய் புதுத் தோல் வாங்கித் தரும். குறைகண்டு சத்தம் போடும் கிழவியை எந்தத் திட்டமும் தராது.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. பிள்ளைகள் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவி உண்டு. அன்றைக்குச் செங்கோட்டைக்காரர் எதற்கும் திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறவேண்டும். தென்காசியிலிருந்தே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது, கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் நெல்லையிலேயே இருக்கிறது. சாரல் விழாவுக்குக் குற்றாலம் கலைவாணர் அரங்கத்தில் மேடை கிடைக்கிறது. ஈரத் தலையோடு வந்து நிற்கும் வெளியூர்க் கூட்டம் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பழக்கடைக்கு நகரும். சம்பளம் வந்துவிடும், அதைக் குறை சொல்வதற்கில்லை.

படிப்புதான் அதிகம் மாறியிருக்கிறது. முன்பு வில்லுப்பாட்டுக் குழுவில் பையன் முதலில் ஜால்ராவைப் பிடிப்பான். பிறகு குடம், பிறகு பின்பாட்டு. கட்டணம் கிடையாது, கொடைச் சோறு உண்டு. ஆனால் அந்தப் பையன் பெரும்பாலும் மகனாகவோ மருமகனாகவோதான் இருப்பான். இப்போது ஜவகர் சிறுவர் மன்றங்களில் விடுமுறை நாளில் யார் வீட்டுப் பெண்ணும் பரதமோ பாட்டோ கற்கலாம். 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாநில மேடைவரை போகிறார்கள்.  அங்கே கிடைப்பது சில நிமிடம். ஓர் இரவுக் கதையைச் சில நிமிடத்துக்குள் மடிக்கும்போது அழகான முடிவும் உடையும் மிஞ்சுகின்றன, கதை மிஞ்சுவதில்லை.

பழைய முறைக்குப் பக்கத்தில் வருவது ஒன்றிய அரசின் குரு சிஷ்யப் பரம்பரைத் திட்டம். தஞ்சாவூர்த் தென்னகப் பண்பாட்டு மையம் வழியாக நடப்பது. குருவுக்கு மாதம் 7,500, பக்கவாத்தியத்துக்கு 3,750, சீடனுக்கு 1,500 என்று வகுத்த திட்டம். கற்பிக்கும் நேரத்துக்கே பணம் என்பதால், கருவிக்குத் தரும் உதவியைவிட இதையே நான் மதிக்கிறேன். இடங்கள் கொஞ்சம், காலக்கெடுவும் உண்டு. செங்கோட்டையை அடுத்த பிரானூர் பார்டரில் ஒரு பரோட்டாக் கடையில் சேர்ந்தால் அந்த 1,500 ரூபாயைச் சில நாளில் சம்பாதித்துவிடலாம் என்பது மகுடம் கற்கவேண்டிய பையனுக்கும் தெரியும், அவன் அப்பாவுக்கும் தெரியும்.